தூத்துக்குடியில் தோணி ஏறிய புனிதர்



ஆண்டுதோறும் ஜனவரி 16ஆம் நாள், பொங்கல் மகிழ்ச்சிக்கு நடுவே, ஒரு புனிதரின் திருநாள் நம்மில் பலருக்குத் தெரியாமலேயே கடந்து போகிறது. இலங்கையின் திருத்தூதர் எனப் போற்றப்படும் புனித ஜோசப் வாஸ்தான் அவர். அந்நாட்டுக்கு அவர் தோணி ஏறியது நம் தூத்துக்குடிக் கரையில். ஆகவே அவர் நமக்கு அயலார் அல்லர்.

தேர்தல் காலங்களில், ஒரே பலிபீடத்தின் முன் நிற்கும் இருவர், கட்சி வேறு என்பதற்காகத் திருப்பலியில் சமாதானம் பகிரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்கு இந்தப் புனிதரின் நினைவே வரும். அவர் வாழ்ந்த காலமும் பிரிந்து கிடந்த காலம்தான்.

ஜோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவில் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. 1676இல் குருவாக அருள்பொழிவு பெற்றார். 1681இல் கன்னட நாட்டுக் கடற்கரைக்கு, அதாவது இன்றைய மங்களூர்ப் பகுதிக்கு, அனுப்பப்பட்டார். அங்கே அவர் முதலில் சந்தித்த பகை வேற்று மதத்தாருடையது அன்று. நம் திருச்சபைக்குள்ளேயே இருந்த பகை. போர்த்துக்கல் அரசரின் உரிமையைச் சார்ந்த கோவா மறைமாவட்டத்தார் ஒருபுறம், உரோமை நேரடியாக நியமித்த ஆயரைச் சார்ந்தவர்கள் மறுபுறம் என மக்கள் இரண்டுபட்டு நின்றார்கள். எந்தக் குரு தரும் அருளடையாளம் செல்லும் என்பதே வழக்காகிவிட்டது. இளம் குருவான வாஸ் தம் கோவா தலைமைக்குக் கீழ்ப்படிந்தார். ஆனால் மறுதரப்பு ஆயரை மதிப்போடு அணுகி, சமாதானம் தேடினார். இதே பிளவு 19ஆம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறை ஊர்களையும் பிரித்துப்போட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

இலங்கையின் நிலையோ இன்னும் கொடியது. டச்சுக்காரர்கள் 1656இல் கொழும்பையும், 1658இல் மன்னார், யாழ்ப்பாணம் ஆகியவற்றையும் போர்த்துக்கீசரிடமிருந்து பறித்தார்கள். தூத்துக்குடியும் அதே 1658இல் அவர்கள் கைக்கு வந்தது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் தருவோருக்கு மரண தண்டனை என்று இலங்கையில் ஆணை பிறந்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே டச்சுக்காரர்களின் ஆம்ஸ்டர்டாம் நகரில், கத்தோலிக்கர்கள் வீட்டு மாடிகளில் மறைவாகத் திருப்பலி காண்பதை அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள். அங்கே பொறுக்கப்பட்ட செபம் இங்கே குற்றமானது ஏன்? இங்கே கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கீசரின் ஆள் என்று பொருள் கொண்டார்கள். ஒருவனுடைய செபமாலையே அவன் எந்தக் கட்சி என்பதற்கு அடையாளமாகிவிட்டது.

உலகெங்கும் அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தில் 1678இல் கட்டிவிடப்பட்ட ஒரு சதிக்கதையால் கத்தோலிக்கர் பலர் உயிரிழந்தார்கள். அயர்லாந்துப் பேராயர் புனித ஆலிவர் பிளங்கெட் 1681இல் இலண்டனில் கொல்லப்பட்டார். பிரான்சிலோ, கத்தோலிக்க அரசர் பதினான்காம் லூயி 1685இல் கால்வினியச் சபையாரின் வழிபாட்டு உரிமையை ஒழித்தார். இலட்சக்கணக்கானோர் நாட்டை விட்டு ஓடினார்கள். நம்மவரும் நிரபராதிகள் அல்லர். கோவாவில் மத விசாரணை மன்றம் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசாமி கோவிலை இடித்தவர்கள் போர்த்துக்கீசக் கத்தோலிக்கர்களே. அதிகாரம் கையில் இருந்தபோது நாம் செய்ததையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இத்தகைய காலத்தில், 1687இல், வாஸ் அடிகளார் அங்கியைக் களைந்துவிட்டு, கூலியாள் வேடத்தில், தம் பணியாளர் ஜானோடு தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். யாழ்ப்பாணம் சேர்ந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பு. குணமானதும் பிச்சைக்காரரைப் போல் வீடு வீடாகச் சென்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். தமிழ் கற்றார். பகலில் ஒளிந்து, இரவில் திருப்பலி நிறைவேற்றினார். சில்லாலை மக்கள் அவரைத் தங்கள் நடுவே மறைத்துக் காத்தார்கள். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் டச்சு வீரர்கள் திடீரெனப் புகுந்து மக்கள் பலரைச் சிறைபிடித்தார்கள். அவர் தப்பினார்; ஆனால் அவருக்காகத் துன்புற்றவர்கள் ஏழைத் தமிழ் விசுவாசிகள்.

பின்னர்ப் புத்தளம் வழியாக, 1692இல், சுதந்திர அரசாக இருந்த கண்டிக்குச் சென்றார். அரசவையில் இருந்த பிரெஞ்சுக் கால்வினியர் ஒருவர் அவரைப் போர்த்துக்கீச ஒற்றர் என்று காட்டிக்கொடுத்தார். தம் சபையார் பிரான்சில் படும் துன்பம் அவர் நெஞ்சில் இருந்திருக்கலாம். ஒரு நாட்டில் விதைத்த பகையை மற்றொரு நாட்டில் ஒரு குற்றமற்றவர் அறுவடை செய்தார்! வாஸ் சிறையில் சிங்களம் கற்றார். குடிசைக் கோவில் ஒன்றை அமைத்தார். வசைபாடியவரை அவர் திருப்பி வசைபாடவில்லை.

கண்டி அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் ஆழ்ந்த பௌத்தர். அவருடைய பாட்டனார் செனரத் மன்னர், 1626இல் போர்த்துக்கீசர் விரட்டிய முஸ்லிம்களுக்குப் புகலிடம் தந்தவர். இவரோ 1697இல் அரக்கான் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்துத் தம் சமயத்தைப் புதுப்பித்தவர். தம் மதத்தில் இத்துணைப் பற்றுக்கொண்ட அவரே ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு நாடெங்கும் சென்று பணியாற்ற உரிமை தந்தார். தன் நம்பிக்கையில் உறுதி இருப்பதும் பிறர் நம்பிக்கையை மதிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல என்பதற்கு இந்தப் பௌத்த அரசரே நமக்குப் பாடம்.

அதே 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு உறவினர்கள் ஓடினார்கள். வாஸ் அடிகளாரும், அவருடைய உறவினரான குரு ஒருவரும் அவர்களைத் தேடிச் சென்றார்கள். கஞ்சி கொடுத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தோரைப் புதைத்தார்கள். நோயாளி எந்த மதத்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை. ஒற்றர் என்ற பழிக்கு அவர் தந்த மறுமொழி அதுதான். சொல்லால் தீராத சந்தேகம் அந்தக் கஞ்சிப் பாத்திரத்தின் முன் கரைந்தது.

வாஸ் அடிகளார் கோவாவுக்குத் திரும்பவே இல்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறையடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் அவரை அருளாளராகவும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத் திடலில் புனிதராகவும் அறிவித்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2019இல், உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 21ஆம் நாள் வந்தது. புனிதரின் பிறந்த நாள் அது. அன்று காலை இலங்கையில் கோவில்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த மாதமே, அக்குற்றத்தில் பங்கில்லாத முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஒருவர் செய்த தீமைக்கு அவர் இனத்தார் அனைவரையும் தண்டிக்கும் பழைய நோய் இன்னும் தீரவில்லை. அது கடலுக்கு அப்பால் மட்டும் இருக்கும் நோய் என்று எண்ணி நாம் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

அன்பார்ந்தவர்களே, வாக்களிப்பது நம் உரிமை. கருத்து வேறுபடுவதும் உரிமையே. வாஸ் அடிகளாரும் தம் கொள்கையை எவருக்காகவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எதிர்த் தரப்பினரை அவர் ஆளாகவோ ஒற்றராகவோ பார்க்கவில்லை; பசியும் புண்ணும் உள்ள மனிதராகப் பார்த்தார். வரும் ஞாயிறு திருப்பலியில் சமாதானம் பகிரும் நேரம் வரும்போது, நாம் யாரைத் தவிர்க்க நினைக்கிறோமோ அவர் பக்கம் முதலில் திரும்புவோம். நம் கரையிலிருந்து புறப்பட்ட அந்தப் புனிதர் நமக்காகப் பரிந்து பேசுவாராக.