மணல்காட்டில் மரம் வளர்த்த கால்டுவெல்

தமிழின் தொன்மையை உலகுக்குச் சொன்னவர் கால்டுவெல் ஐயர். அவர் ஒரு சிற்றூரையே திருத்தி அமைத்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1814-ம் ஆண்டு அயர்லாந்தில் பிறந்தார். 1838-ல் கப்பலேறி சென்னைக்கு வந்தார். 1841-ல் திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். எப்படி? நடந்தே! தஞ்சை, திருச்சி, நீலகிரி, மதுரை என்று ஊர் ஊராக, வெயிலில் நடந்தார்.

கடைசியில் இடையன்குடி சேர்ந்தார். அது செம்மணல் தேரி. காற்று அடித்தால் மணல் பறக்கும். பனை ஏறிப் பிழைக்கும் ஏழைகள் அங்கே வாழ்ந்தனர்.

கால்டுவெல் சோர்ந்துவிடவில்லை. தெருக்களை நேராக்கினார். கிணறுகள் வெட்டச் செய்தார். நிழல் மரங்கள் நடச் செய்தார். மரம் வேர் பிடிக்கத் தண்ணீர் வேண்டும் அல்லவா? கிணறு ஊருக்கும் உதவியது, மரத்துக்கும் உதவியது.

அவருடைய மனைவி எலிசா, பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்.

1847-ல் தொடங்கிய தேவாலய வேலை 1880-ல்தான் முடிந்தது. 33 ஆண்டுகள்! அவசரப்படாத மனம் அவருக்கு இருந்தது. மரம் வளர்க்கவும் அந்த மனம்தான் வேண்டும்.

1891-ல் கொடைக்கானலில் காலமானார். உடல் இடையன்குடி தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அவர் நடந்து கடந்த மதுரைச் சீமையில் இன்றும் வெயில் கொளுத்துகிறது. தேவாலயம்தோறும் வெற்றிடம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு கன்று போதும். ஐப்பசி மழையில் வேம்போ புங்கனோ நடலாம். ஆடு மேயாமல் முள்வேலி கட்டலாம். கோடையில் ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு குடம் ஊற்றினால், பேரப்பிள்ளைகள் நிழலில் நிற்பார்கள்!