கென்னடி: கண்ட முகமும் காணாத நோயும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோள் சொல்லி வரும் பிள்ளையைத் திருத்துவதற்கே இம்முதுமொழி பயன்படும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், ஒரு பெரிய நாடு தன் தலைவரைத் தேர்ந்தெடுத்த வரலாற்றுக்கும் இது பொருந்தும் என்பதை ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டு கென்னடியின் வாழ்க்கையில் காண்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவர் அவர். அப்பதவிக்குப் போட்டியிட்ட இரு பெரும் கட்சி வேட்பாளர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்ததும் அவர் நின்ற தேர்தலில்தான் முதன்முதலாக நடந்தது.

கென்னடி 1917-ஆம் ஆண்டு மே திங்கள் 29-ஆம் நாள், மஸாசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரை அடுத்த புரூக்ளைன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் கென்னடி. தாய் ரோஸ் அம்மையார். ஒன்பது பிள்ளைகளில் இவர் இரண்டாமவர். அயர்லாந்தைப் பஞ்சம் வாட்டிய காலத்தில் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் இவர்கள். அந்நாளில் பாஸ்டன் நகரத்துச் செல்வர்கள் அயர்லாந்துக் கத்தோலிக்கரைத் தாழ்வாகவே நோக்கினர். எனினும், ரோஸ் அம்மையாரின் தந்தை அந்நகரின் மேயராகவே உயர்ந்தார். கென்னடியின் தந்தையோ பெருஞ்செல்வம் ஈட்டிப் பின்னர் இங்கிலாந்தில் அமெரிக்கத் தூதராகவும் விளங்கினார்.

ரோஸ் அம்மையார் ஆழ்ந்த பக்தியுடையவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை வைத்து, அதில் அப்பிள்ளைக்கு வந்த நோய், போட்ட ஊசி ஆகியவற்றையெல்லாம் எழுதி வைப்பார். இரண்டாம் மகனின் அட்டையில் எழுதுவதற்குக் குறைவே இல்லை. மூன்று வயது நிறையும் முன்பே கடுமையான செங்காய்ச்சல் கண்டு பிழைத்த பிள்ளை அவர். பள்ளிப் பருவத்திலும் பாதிநாள் படுக்கையில் கிடந்து புத்தகம் படித்தே பொழுதைப் போக்கினார். அந்தப் படிப்பு வீண்போகவில்லை. 1940-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற அதே ஆண்டில் அவருடைய முதல் நூலும் வெளியாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் அவர் கடற்படையில் சேர்ந்து, சாலமன் தீவுகளுக்கு அருகே 109 என்னும் எண்ணுடைய சிறு படகுக்குத் தலைவரானார். 1943 ஆகஸ்டு 2-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று அப்படகை மோதி இரண்டாகப் பிளந்தது. இருந்த பதின்மூவரில் இருவர் மாண்டனர். தீக்காயம் பட்ட ஒருவருடைய மிதவைச் சட்டையின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டு, பல மணி நேரம் நீந்தி அவரைக் கரை சேர்த்தார் கென்னடி. தேங்காய் ஓட்டில் செய்தி செதுக்கி அத்தீவு மக்கள் இருவரிடம் கொடுத்தனுப்பினார். ஆறாம் நாள் உதவி வந்தது. பிற்காலத்தில் அவர் வெள்ளை மாளிகையில் அமர்ந்தபோது அந்தத் தேங்காய் ஓடு அவருடைய மேசைமேல் இருந்தது.

மறுவருடம் அவருடைய அண்ணன் ஜோசப் போரில் உயிரிழந்தார். தலைமகனைப் பெரிய பதவியில் காண விழைந்த தந்தையின் ஆசை இப்போது இரண்டாம் மகன்மேல் இறங்கியது. கென்னடி 1946-இல் மக்கள் சபைக்கும் 1952-இல் செனட் சபைக்கும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1953-இல் ஜாக்குலின் அம்மையாரை மணந்தார்.

இவ்வாறு ஏறுமுகமாகச் சென்ற வாழ்வில் ஊர் அறியாத துன்பம் ஒன்றும் இருந்தது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சிறு சுரப்பிகள் தம் வேலையைச் செய்யத் தவறும் ஆடிசன் நோய் அவரைப் பற்றியிருந்தது. 1947-இல் இந்நோய் வெளிப்பட்டபோது அவர் பிழைப்பது அரிது என்று கருதப்பட்டது. குருவானவர் வந்து அவஸ்தைப்பூசுதல் அளித்தார். முதுகு வலியோ அவரை விட்டு நீங்கவே இல்லை. 1954-இல் முதுகில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் சாவின் வாசல்வரை சென்று திரும்பினார்.

1960-இல் ஜனநாயகக் கட்சி அவரைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்தியது. எதிரே நின்றவர் குடியரசுக் கட்சியின் ரிச்சர்டு நிக்சன். ஏறக்குறைய எட்டாண்டுகள் துணைக் குடியரசுத் தலைவராக இருந்து உலகத் தலைவர்களோடு பேசிப் பழகியவர். கென்னடிக்கு வயது 43, நிக்சனுக்கு 47. வயதில் பெரிய வேற்றுமை இல்லை. எனினும், ஒருவர் அனுபவசாலி, மற்றவர் இளைஞர் என்றே பலரும் பேசினர்.

கென்னடிக்கு இன்னொரு தடையும் இருந்தது. அது அவருடைய மதம். 1928-இல் ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கர் இதே பதவிக்கு நின்று பெருந்தோல்வி கண்டார். கத்தோலிக்கர் ஒருவர் ஆட்சிக்கு வந்தால் பாப்பரசரின் சொற்படிதான் நாடு நடக்கும் என்ற அச்சம் புரொட்டஸ்தாந்து மக்கள் பலரிடம் 1960-இலும் இருந்தது. கென்னடி அதைக் கண்டு ஒளியவில்லை. செப்டம்பர் 12-ஆம் நாள் ஹியூஸ்டன் நகரில் புரொட்டஸ்தாந்து போதகர்கள் கூடிய சபைக்குத் தாமே சென்றார். அரசும் திருச்சபையும் வேறு வேறாகவே இருக்க வேண்டும் என்றும், மனச்சான்றுக்கும் பதவிக்கும் முரண் நேர்ந்தால் பதவியை விட்டு விலகத் தாம் தயார் என்றும் அவர்கள் முன் விளக்கினார்.

இரு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு, சிகாகோ நகரத்துத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் இருவரும் சந்தித்தனர். அப்போது அமெரிக்காவில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. கிட்டத்தட்ட ஏழு கோடி மக்கள் அன்று அதன் முன் அமர்ந்திருந்தனர். எந்தப் பொதுக்கூட்டத்தில் இத்தனை பேரைக் கூட்ட முடியும்?

நிக்சன் முழங்காலில் நோய்த்தொற்று ஏற்பட்டு, சில வாரங்களுக்கு முன்புதான் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தார். உடல் மெலிந்து, சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. ஐம்பது மாநிலங்களுக்கும் செல்வதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஓயாமல் அலைந்த களைப்பு வேறு. நிலையத்தின் வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது அதே முழங்காலை மீண்டும் இடித்துக்கொண்டார். அவர் அணிந்திருந்த சாம்பல் நிற உடை, கறுப்பு வெள்ளைத் திரையில் பின்சுவரின் நிறத்தோடு கலந்து போயிற்று. விளக்குகளின் வெப்பத்தில் முகம் வியர்த்தது. அதைக் கண்டு, மகனுக்கு உடம்பு சரியில்லையோ என்று அவருடைய தாயாரே விசாரித்தார் என்பர்.

கென்னடியோ கருநிற உடை அணிந்து, வெயிலில் நிறமேறிய முகத்தோடு தோன்றினார். ஓய்வெடுத்து, கேட்கப்படக்கூடிய வினாக்களுக்கு உதவியாளர்களோடு விடை பயின்று வந்திருந்தார். நிக்சன் எதிரே இருந்த கென்னடிக்கு மறுமொழி சொல்வதிலேயே கருத்தாயிருந்தார். கென்னடி படப்பெட்டியை நோக்கி, வீட்டில் அமர்ந்திருக்கும் மக்களோடு பேசினார். அனுபவம் இல்லாதவர் என்று சொல்லப்பட்ட இளைஞர் துணைத் தலைவருக்குச் சமமாக நின்று பேசியதை மக்கள் கண்டனர். அந்த ஒரு மணி நேரத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய ஆதாயம் இதுவே எனலாம். கத்தோலிக்கர் என்றால் எப்படியிருப்பாரோ என்று அஞ்சியவர்களும், தங்களைப் போன்ற ஒரு மனிதரையே திரையில் கண்டனர்.

வானொலியில் கேட்டவர்கள் நிக்சனே வென்றதாக எண்ணினர், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றதாக எண்ணினர் என்ற செய்தி பின்னர் எங்கும் பரவியது. இதையும் நாம் தீர விசாரிக்க வேண்டும். அச்செய்திக்கு ஆதாரமான கணக்கெடுப்பில் வானொலி கேட்டவர்கள் மிகச் சிலரே என்றும், அவர்களுள் பலர் முன்பே நிக்சனை விரும்பியவர்களாக இருந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினர். பொதுவாக, கட்சியில் உறுதியாக நிற்போரை விவாதம் மாற்றுவதில்லை. அவர்களுடைய உறுதியை வளர்க்கவே செய்கிறது. முடிவு செய்யாதிருக்கும் சிலரே அசைகின்றனர். ஆனால், போட்டி கடுமையாக இருக்கும்போது அந்தச் சிலரே போதும்.

அந்த ஆண்டுப் போட்டி அவ்வாறே இருந்தது. மேலும் மூன்று விவாதங்கள் நடந்தன. அவற்றில் நிக்சன் நன்றாகவே பேசினார். நவம்பர் 8-இல் ஆறு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாக்களித்தனர். கென்னடி பெற்ற அதிக வாக்குகள் சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம் மட்டுமே. நூற்றுக்கு அரை வாக்குகூட இல்லை.

இனி நாம் சொல்லப்போவதைச் சற்று எண்ணிப் பாருங்கள். திரையில் நோயாளியாகத் தெரிந்த நிக்சனுக்கு வந்திருந்தது சில வாரங்களில் ஆறிவிடும் நோய். நலத்தின் உருவாகத் தெரிந்த கென்னடிக்கோ வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டிய நோய். ஆடிசன் நோய் தோலின் நிறத்தைக் கருமையாக்கும் என்று மருத்துவர்கள் கூறுவர். மக்கள் கண்டு மகிழ்ந்த அந்த நிறத்திலும் நோயின் பங்கு ஓரளவு இருந்திருக்கலாம். தேர்தல் நேரத்தில் இந்நோயைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, கென்னடியின் பக்கத்தார் அதை மறுத்தனர். அது பிழையே. அவருடைய இல்லற வாழ்விலும் குறைகள் இருந்தன என்பதைப் பிற்கால வரலாறு மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டுவதில்லை.

அப்படியானால் கண் எப்போதும் பொய்தான் சொல்லுமா? அப்படியும் இல்லை. அமெரிக்காவின் இரண்டாவது கத்தோலிக்கக் குடியரசுத் தலைவராக 2020-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோ பைடன், 2024 ஜூன் 27-இல் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் தடுமாறினார். அவருடைய முதுமையைக் கண்டு கட்சியினர் கலங்கினர். ஜூலை 21-இல் அவர் போட்டியிலிருந்து விலகினார். திரை சிலவற்றைக் காட்டும், சிலவற்றை மறைக்கும். எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்பதுதான் நம் கடமை.

இப்பாடத்தைக் கென்னடியும் கற்க வேண்டியிருந்தது. 1961 ஜனவரி 20-இல் பதவியேற்ற அவர், மூன்று மாதங்களுக்குள் கியூபா நாட்டின்மேல் ஒரு படையெடுப்புக்கு இசைந்தார். வல்லுநர்கள் சொன்னதைத் துருவிக் கேளாமல் நம்பினார். அது படுதோல்வியாயிற்று. பழியை அவர் பிறர்மேல் போடாமல் தாமே ஏற்றார். மறுவருடம் அக்டோபரில், அதே கியூபாவில் சோவியத் நாட்டு அணு ஏவுகணைகள் இருப்பதை விமானப் படங்கள் காட்டின. உடனே குண்டு வீச வேண்டும் என்று பலர் வற்புறுத்தினர். இம்முறை அவர் விரையவில்லை. எல்லாப் பக்கத்தாரையும் பேசவிட்டுக் கேட்டார். கடல்வழியை மறித்து, சோவியத் தலைவருக்குப் பின்வாங்க இடமும் காலமும் கொடுத்தார். பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பரும் வானொலி வழியே சமாதானத்துக்காக மன்றாடினார். பதின்மூன்று நாட்களில் உலகம் பேரழிவிலிருந்து தப்பியது. தீர விசாரித்ததன் பயன் இதுவன்றோ?

1963-இல் அணுகுண்டுச் சோதனைகளைக் குறைக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதே ஆண்டு ஜூன் 11-இல் அவர் தொலைக்காட்சியில் தோன்றி, கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வழங்குவது நாட்டின் அறக்கடமை என்று அறிவித்தார். தமக்கு வெற்றி தந்த திரையை, பலர் விரும்பாத உண்மையைச் சொல்லவும் அவர் பயன்படுத்தினார்.

நவம்பர் 22-ஆம் நாள் டல்லாஸ் நகரில் திறந்த வண்டியில் சென்றபோது அவர் சுடப்பட்டார். மருத்துவமனையில் குருவானவர் இறுதி அருட்சாதனம் வழங்கினார். வயது 46. மூன்று நாட்களுக்குப் பின் வாஷிங்டன் நகரத்துப் புனித மத்தேயு பேராலயத்தில், அவருடைய திருமணத்தை நடத்தி வைத்த கர்தினால் குஷிங் அடக்கத் திருப்பலி நிறைவேற்றினார். அன்று மூன்று வயது நிறைந்த அவருடைய சிறு மகன் தந்தையின் பெட்டிக்கு வணக்கம் செலுத்தியதை நாடே தொலைக்காட்சியில் கண்டு கண்ணீர் வடித்தது. மூன்றாண்டுகளுக்கு முன் விவாதத்தைப் பார்த்த அதே வீடுகள், அதே பெட்டி.

அன்பு மாணவியரே, பதினெட்டு வயது நிறைந்ததும் வாக்குச் சீட்டு உங்கள் கைக்கும் வரும். பேச்சாளரின் முகமும் உடையும் குரலும் உங்களையும் கவரும். கவரட்டும், அதில் குற்றமில்லை. ஆனால், அத்துடன் நின்றுவிடாதீர்கள். அவர் நேற்று என்ன செய்தார், இன்று எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று கேளுங்கள். மனிதன் முகத்தைப் பார்க்கிறான், ஆண்டவரோ இருதயத்தைப் பார்க்கிறார் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்றிருக்கிறோம். இருதயத்தைக் காணும் கண் நமக்கு இல்லை. ஆகவேதான் விசாரிக்கும் அறிவை இறைவன் நமக்குத் தந்திருக்கிறார். அதைப் பயன்படுத்துவோமாக.