ஹென்றி மோட்ஸ்லி: கடைசற்பொறியைச் செம்மை செய்த பெருங்கைவினைஞர்

உருக்கினையும் பித்தளையினையும் வேண்டிய வடிவிற் கடைந்து தரும் கடைசற்பொறியைப் பட்டறைகளிலே காணாதவர் நம்முள் அரியர். சிறுபொறியொன்றைத் தம் இல்லத்திலேயே அமைத்துக்கொள்ள முயலும் இளைஞரும் உளர். அத்தகையார் வரைபடத்தை விரித்து வேலையைத் தொடங்கியதும் ஒரு புதிரை எதிர்கொள்வர். பொறியின் படுக்கை நேராயிருத்தல் வேண்டும்; அதனை நேராக்குதற்கு நேரான வேறொரு பொறி முன்னரே இருத்தல் வேண்டும். உளியைச் செலுத்தும் திருகாணியின் புரிகள் ஒத்த இடைவெளியுடையனவாதல் வேண்டும். அத்தகைய திருகாணியை வெட்டுதற்கோ கடைசற்பொறியே வேண்டும். வித்து முந்தியதோ மரம் முந்தியதோ என்னும் பழைய வினாவே இது. நாம் கடையிற் சென்று திருகாணியை விலைக்கு வாங்கி இவ்வினாவிலிருந்து தப்பிக்கொள்கின்றோம். வாங்குதற்குக் கடையில்லாத காலத்திலே தம் கையாலும் கண்ணாலும் அதற்கு விடைகண்ட ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஹென்றி மோட்ஸ்லி 1771ஆம் ஆண்டு ஆவணித் திங்களிலே, இலண்டனுக்கு அண்மையில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வூலிச் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் படையிலே சில்லு செய்யுந் தச்சராயிருந்து, காயமுற்றபின் வூலிச் அரச படைக்கலச் சாலையிற் பணியாற்றியவர். மைந்தர் ஒன்பதாம் ஆண்டை எட்டுமுன்னரோ எட்டியபோதோ தந்தை காலமானார். வறிய குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளி நெடுங்காலம் வாய்க்கவில்லை. பன்னிரண்டாம் வயதிலே அதே படைக்கலச் சாலையில் தோட்டாக்களுக்கு வெடிமருந்து நிரப்பும் வேலையில் அமர்ந்தார். பின்னர்த் தச்சுக் கூடத்துக்கு மாற்றப்பட்டார். ஆயின் அவர் உள்ளமோ மரத்தில் நிலைக்கவில்லை. கம்மாலையின் உலைத்தீயே அவரை ஈர்த்தது. பதினைந்தாம் வயதில் விரும்பிய கம்மாலையிற் சேர்ந்து, சில ஆண்டுகளுள் மெல்லிய இரும்பு வேலையில் மூத்தோரும் வியக்கும் திறன் பெற்றார்.

அக்காலை இலண்டன் மாநகரிலே ஜோசப் பிராமா என்பார் திறத்தற்கரிய பூட்டொன்றை வகுத்திருந்தார். பூட்டு நல்லதே, அதனைப் பிழையின்றிச் செய்து தருங் கைகள்தாம் அவருக்குக் கிடைக்கவில்லை. மோட்ஸ்லியின் பெயரைக் கேள்வியுற்று அவரை அழைப்பித்தார். வந்தவரோ பதினெட்டு வயது இளைஞர். முறைப்படி ஏழாண்டு தொழில் பயின்றவருமல்லர். இவரைச் சேர்த்தால் ஏனைய தொழிலாளர் யாது சொல்வர் என்று பிராமா தயங்கினார். பட்டறையில் தேய்ந்து பழுதுற்றுக் கிடந்த பிடிகருவி ஒன்றைக் காட்டி, இதனை மாலை ஆறு மணிக்கு முன் செப்பஞ் செய்து தந்தால் அமர்த்துவீரோ என மோட்ஸ்லி வினவினார் என்றும், குறித்த வேளைக்கு முன்னரே அதனைப் புதியதுபோல் ஆக்கி வைத்தார் என்றும் சொல்வர். அன்று பெற்ற வேலையில் எட்டாண்டு இருந்தார்.

அங்கே அவர் செய்த பூட்டொன்று பிராமாவின் கடைச் சாளரத்தில் 1790ஆம் ஆண்டு முதலாக வைக்கப்பட்டது. திறப்பின்றி அதனைத் திறப்பவருக்கு 200 கினி பரிசென்று அறிவிக்கப்பட்டிருந்தது. அறுபதாண்டு கடந்து, 1851ஆம் ஆண்டிலே ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் பதினாறு நாட்களிலே ஏறத்தாழ 51 மணிநேரம் உழைத்த பின்னரே அது திறந்தது. அப்பொழுது பிராமாவும் உயிரோடில்லை, மோட்ஸ்லியும் இல்லை. பிராமாவின் நீரழுத்தப் பொறியிலே நீர் கசிந்து வலுவிழந்தபோது, அழுத்தம் மிக மிகத் தானே இறுகும் தோற்கிண்ணத்தை அமைத்து அப்பொறியைப் பயன்படச் செய்தவரும் மோட்ஸ்லியே என்பர்.

பட்டறைத் தலைவராய் உயர்ந்த அவருக்கு வாரச் சம்பளம் 30 சிலிங். பிராமாவின் இல்லத்துப் பணிப்பெண்ணாயிருந்த சாராவை 1791இல் மணந்து, பிள்ளைகளும் பெருகிய நிலையில், 1797ஆம் ஆண்டு சிறிது கூட்டித் தருமாறு வேண்டினார். பிராமா கடிந்து மறுத்தார். பிராமாவின் நுண்ணறிவை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் தம் பூட்டுக்கு உயிர்கொடுத்த கைகளைச் சில சிலிங் காசுக்காக இழந்த அவர் கணக்கு நமக்கு விளங்கவில்லை. மோட்ஸ்லி ஒரு சொல்லுஞ் சொல்லாது வெளியேறி, வெல்ஸ் வீதியிலே பாழடைந்த சிறு கட்டடமொன்றை வாடகைக்கு எடுத்துத் தம் பட்டறையைத் திறந்தார்.

இச்சிறு பட்டறையிலேதான் நாம் முன்னர்க் கூறிய புதிர் அவிழத் தொடங்கியது. அந்நாளைக் கடைசற்பொறி பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆயது. தொழிலாளி உளியைக் கையிற் பிடித்து, ஒரு தாங்கியிலே ஊன்றி, தன் தோள்வலியால் உலோகத்தோடு பொருத வேண்டும். கை சிறிது நடுங்கினால் வேலை கெடும். மோட்ஸ்லி உளியைக் கையினின்றும் வாங்கி, நகருந் தாங்கி ஒன்றிலே இறுகப் பிணித்தார். அத்தாங்கி உருக்குச் சட்டங்களின்மீது வழுவாது செல்லுமாறு செய்தார். இதனைக் கண்டு நகைத்த பழந்தொழிலாளர், குழந்தை நடைபயிலும் நடைவண்டி என்று அதற்குப் பெயரிட்டனராம். இவையனைத்தையும் அவரே முதன்முதற் கண்டார் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. பிரான்சிலே வோக்கான்சனும், இங்கிலாந்திலே ராம்ஸ்டெனும் அவருக்கு முன்னரே இத்துறையில் முயன்றவர்கள். உறுதியான உலோகச் சட்டம், நகருந் தாங்கி, வழிகாட்டுந் திருகாணி, மாற்றத்தக்க பற்சில்லுகள் ஆகிய நான்கினையும் ஒன்றாய்க் கூட்டி, நாள்தோறும் தொழிற்படும் பொறியாக்கி, அதனாற் பிறருக்கும் வழிகாட்டியதே மோட்ஸ்லியின் பெருமை.

வழிகாட்டுந் திருகாணி பொறியின் நீளத்துக்கு ஓடும். அது சுழலும்போது உளி ஒரே சீராய் நகரும். சுழலும் வேலைப்பொருளையும் இத்திருகாணியையும் பற்சில்லுகள் இணைக்கும். திருகாணியில் அங்குலத்துக்கு 10 புரிகள் உள்ளன எனக் கொள்வோம். வேலைப்பொருள் இருமுறை சுழலுங்கால் திருகாணி ஒருமுறை சுழலுமாறு சில்லுகளை மாட்டினால், அங்குலத்துக்கு 20 புரிகளுடைய ஆணி கிடைக்கும். சில்லை மாற்றப் புரியும் மாறும். ஆகவே நல்ல திருகாணி ஒன்று கையிலிருப்பின் எண்ணிறந்தனவற்றைப் பெறலாம். அந்த முதல் ஒன்று எங்ஙனம் வந்தது? மரம், வெள்ளீயம், பித்தளை முதலியவற்றாலாய உருளைகளைச் சுழலவிட்டு, பிறைவடிவான கூரிய கத்தியொன்றை வேண்டிய சாய்வில் வைத்து அழுத்தினார். கத்தி உருளையிற் பதிந்து, அச்சாய்வினாலேயே பக்கவாட்டில் நகர்ந்து, புரிக்கோட்டைத் தானே வரைந்தது. அவ்வாறு பெற்றவற்றுட் சிறந்ததைத் தெரிந்து, பிழை நீக்கி, அதனைக்கொண்டு உருக்கில் வெட்டினார். பொறுமையே இதன் முதலீடு. பிற்காலத்தில் அவர் செய்த திருகாணி ஒன்று ஐந்தடி நீளமும் இரண்டங்குல விட்டமும் உடையது. அங்குலத்துக்கு 50 புரிகள். அதற்குரிய பன்னிரண்டங்குலச் சுரையிலே 600 புரிகள் இருந்தன. இத்தனையும் ஒருங்கே பொருந்த வேண்டுமெனின் ஒவ்வொன்றும் எத்துணைத் திருத்தமாயிருத்தல் வேண்டும் என்பதை மாணவர் எண்ணிப் பார்க்க. அதற்கு முன்னரோ ஒவ்வோர் ஆணிக்கும் அதனதன் சுரையே பொருந்தும். இயந்திரத்தைக் கழற்றுவோர் இணை மாறாதபடி அடையாளமிட்டு வைப்பர்.

நேரான படுக்கைக்கும் அவரிடம் விடை இருந்தது. திருத்தமான சமதளத் தட்டுக்களைத் தொழிலாளரின் பலகைகளில் வைத்து, அவரவர் வேலையை அவற்றோடு ஒப்பிட்டு நோக்கச் செய்தார். அத்தகைய தட்டினை வேறு தட்டின்றிப் பெறும் வழியை, அவர் பட்டறையிற் பழகிய ஜோசப் விட்வர்த் 1840இல் அறிஞர் அவையில் விளக்கினார். இரண்டு தட்டுக்களை மைபூசி ஒன்றோடொன்று பொருத்தி மேடுகளைச் சுரண்டினால், ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் ஏமாற்றக் கூடும். மூன்றாவதொன்றைச் சேர்த்து மாறிமாறிப் பொருத்தினால் அவ்வஞ்சனை வெளிப்படும். மூன்றும் தம்முள் ஒத்தபோது மூன்றும் சமதளமே. இல்லத்தில் பொறியமைக்க முயல்வோருக்கு இன்றும் இதனினும் மலிவான ஆசான் இல்லை.

பிரான்சினின்றும் வந்து குடியேறிய மார்க் புரூணல் என்பார், கப்பலுக்கு வேண்டும் கப்பிகளைச் செய்யும் இயந்திரங்களின் வரைபடங்களோடு மோட்ஸ்லியை நாடினார். பெரும் போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கப்பிகள் தேவைப்பட்ட காலம் அது. 1802 முதல் 1808 வரை நாற்பதுக்கு மேற்பட்ட இயந்திரங்களை மோட்ஸ்லி செய்து போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு அளித்தார். ஆண்டுக்கு 130,000 கப்பிகள் வெளிவந்தன. 110 கைவினைஞர் செய்ததைப் பழக்கமில்லாத பத்துப்பேர் செய்தனர். கடற்படைக்கு இஃது ஆதாயம். ஏனைய நூறுபேரின் உளிகளும் அவர்தம் அடுப்புகளும் என்னாயின என்பதை வரலாற்று நூல்கள் விரித்துரைப்பதில்லை. கைவினையால் உயர்ந்த ஒருவரே அவ்வினைஞரின் தேவையைக் குறைத்தார் என்பதையும் நாம் மறைத்தல் தகாது.

1810ஆம் ஆண்டில் தொழிலகம் லாம்பெத்துக்குப் பெயர்ந்தது. ஜோசுவா ஃபீல்ட் பங்காளியானார். கப்பல்களுக்குரிய நீராவி இயந்திரங்கள் அங்கே உருவாயின. தேம்ஸின் கீழ்ச் சுரங்கம் அகழப் புரூணல் வகுத்த இரும்புக் கவசமும் அங்கேயே செய்யப்பட்டது. இத்தனை பெருவேலைகளிடையேயும் மோட்ஸ்லியின் மேசையிற் சிறிய அளவுகருவி ஒன்று இருந்தது. அங்குலத்தின் பத்தாயிரத்தில் ஒரு கூற்றையும் அது காட்டும். அதன் தீர்ப்புக்கு மேல் முறையீடில்லையாதலால் அதற்கு நீதிப்பேரதிபர் என்று பெயர்.

அத்தொழிலகத்தார் பணம் பெற்றுப் பயிலுநரைச் சேர்த்து, அதனால் வந்த தொல்லைக்கு அஞ்சி அவ்வழக்கத்தையே விட்டிருந்தனர். 1829ஆம் ஆண்டு எடின்பரோ ஓவியர் ஒருவரின் மைந்தராகிய ஜேம்ஸ் நாஸ்மித், தாமே செய்த சிறு நீராவி இயந்திரத்தையும் வரைபடங்களையும் கொண்டுவந்து காட்டினார். மோட்ஸ்லி அவற்றை நோக்கிய மாத்திரத்தில், பயிலுநராயன்றித் தம் சொந்தத் தொழிலறையிலே துணைவராக அவரை அமர்த்தினார். அத்தொழிலறை மோட்ஸ்லிக்குக் கோயில் போன்றது. தாம் விரும்பிய நுண்வேலைகளை இளைஞருடன் சேர்ந்து அங்கே செய்வார். செய்துகொண்டே பழைய அனுபவங்களைச் சொல்வார். வடிவில் எளிமை வேண்டும், பயனில்லாத உலோகத்துக்குப் பொறியில் இடமில்லை என்பன அவர் ஓயாது உணர்த்திய பாடங்கள். நாஸ்மித் பெற்ற வாரச் சம்பளம் 10 சிலிங். தந்தையிடம் கைநீட்டாதிருத்தற்பொருட்டு, விளக்குச் சூட்டில் உணவு சமைக்கும் அடுப்பொன்றைத் தாமே வகுத்துக்கொண்டார் அவ்விளைஞர்! பின்னாளில் நீராவிச் சம்மட்டியால் புகழ்பெற்றவர் அவரே. ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஜோசப் கிளெமென்ட் ஆகியோரும் மோட்ஸ்லியிடம் பழகியவர்கள். விட்வர்த் 1841இல் திருகாணிப் புரிகளுக்கு விதித்த பொது அளவு பிரித்தானியப் பேரரசெங்கும் பரவிற்று. நம் நாட்டுப் பழைய இயந்திரங்களைத் திருத்தியோர் அப்பெயரை நன்கறிவர்.

1831ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே பிரான்சில் நோயுற்றிருந்த நண்பர் ஒருவரைக் கண்டு திரும்புகையில், கடற்பயணத்திலே மோட்ஸ்லியைக் குளிர் பற்றியது. மாசித் திங்கள் 14ஆம் நாள் தம் 59ஆம் வயதில் உயிர்நீத்தார். பிறந்த ஊராகிய வூலிச்சின் தேவாலய மயானத்திலே, தாமே வகுத்திருந்த வார்ப்பிரும்பு நினைவுச் சின்னத்தின் கீழ் அடக்கஞ் செய்யப்பட்டார். மைந்தரும் பேரரும் நடத்திய தொழிலகம் 1900ஆம் ஆண்டளவில் மூடப்பட்டது. அவர் 1800ஆம் ஆண்டளவிற் செய்த திருகாணி வெட்டுங் கடைசற்பொறி இலண்டன் விஞ்ஞான நூதனசாலையில் இருக்கின்றது. மேசை மீது வைக்கத்தக்க சிறிய பொறிதான் அது.