கவரும் விசையும் விலக்கும் விசையும்

நுழையும்முன்

பனிக்காலத்துக் காலைப்பொழுதில், கொல்லிமலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் மாணவி ஒருத்தி உலர்ந்த கூந்தலைச் சீவிய சீப்பைக் காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுசெல்கிறாள். துணுக்குகள் துள்ளியெழுந்து சீப்பில் ஒட்டுகின்றன. கோடைமழையின்போது அம்மலைமுகட்டில் வெட்டும் மின்னலுக்கும் இதே மின்னூட்டமே காரணம். மின்னூட்டங்களுக்கிடையே செயற்படும் விசையின் நுட்பத்தைக் கணக்கிட்டறிந்து, பின்னர் அணுவின் ஆற்றலை நாட்டுக்குப் பயன்படச் செய்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா.

இளமையும் கல்வியும்

பாபா 1909ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் மும்பையில் பார்சிக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை ஜஹாங்கீர் வழக்கறிஞர். நூல்களோடு இசையும் ஓவியமும் பாபாவின் உள்ளத்தைப் பண்படுத்தின. மகன் பொறியாளராகி ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பணியாற்ற வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அதன்படி 1927இல் கேம்பிரிட்ஜ் சென்று இயந்திரப் பொறியியல் பயின்றார். அவர் மனமோ இயற்பியலையே நாடியது. தம் நாட்டத்தை மறைக்காமல் தந்தைக்கு மடல் எழுதினார். பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் விரும்பியதைப் பயிலலாம் எனத் தந்தை இசைந்தார். 1930இல் மகன் முதல் வகுப்பில் தேறினார். தந்தையும் சொன்ன சொல்லைக் காத்தார்.

மின்துகள்களின் மோதல்

ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். வேறின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று கவரும். தொலைவு இருமடங்கானால் விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். பிரெஞ்சு அறிஞர் கூலூம் 1785இல் முறுக்குத் தராசு கொண்டு இவ்வுண்மையை நிலைநாட்டினார். 1932இல் எலக்ட்ரானுக்கு நிகரான நிறையும் நேர் மின்னூட்டமும் உடைய பாசிட்ரான் கண்டறியப்பட்டது. இவ்விரு துகள்களும் நெருங்கினால் நிகழ்வது யாது என ஆராய்ந்தார் பாபா. அவை ஒன்றையொன்று கவர்ந்து பாதை மாறுவது மட்டுமன்று. இணைந்து அழிந்து மீண்டும் இணையாகத் தோன்றவும் கூடும். இவ்விரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று அவர் காட்டிய கட்டுரை 1936இல் வெளிவந்தது. அந்நிகழ்வு இன்றும் பாபா சிதறல் என்றே வழங்குகிறது. அடுத்த ஆண்டு ஹைட்லர் என்னும் அறிஞருடன் இணைந்து, அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் துகள்மழையாகப் பெருகும் முறையை விளக்கினார்.

தாய்மண்ணின் அழைப்பு

1939இல் விடுமுறைக்குத் தாயகம் வந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. கேம்பிரிட்ஜ் திரும்பும் வழி அடைபட்டது. சர் சி.வி. இராமன் பணியாற்றிய பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பாபா சேர்ந்தார். போர் முடிந்தபின் மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புகழோடு வாழ்ந்திருக்கலாம். ஆயினும், அடிப்படை ஆய்வு இந்நாட்டிலேயே வேரூன்ற வேண்டும் எனத் துணிந்தார். 1944இல் டாடா அறக்கட்டளைக்கு விண்ணப்பம் விடுத்தார். மறு ஆண்டே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருப்பெற்றது. பாபாவிடம் ஆய்வு பயின்ற அல்லாடி இராமகிருஷ்ணன் 1962இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது.

அணுவிலிருந்து ஆற்றல்

அணுக்கருவிலுள்ள புரோட்டான்கள் யாவும் நேர் மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்குகின்றன. அவற்றைச் சிதறாமல் பிணைத்திருப்பது அணுக்கரு விசை. யுரேனிய அணுக்கரு பிளவுறும்போது இரு துண்டங்களும் மின்விலக்கு விசையால் பெருவேகத்தோடு விலகி ஓடுகின்றன. அவ்வேகமே வெப்பமாகி மின்சாரமாகிறது. நிலக்கரியை மட்டும் நம்பியிராமல் இவ்வாற்றலைப் பெற நாடு முனைய வேண்டும் என்றார் பாபா. 1948இல் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானார். 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் டிராம்பேயில் அப்சரா உலை இயங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது; உலையைக் கட்டியெழுப்பியோர் இந்தியரே.

நிலைத்த புகழ்

1966ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங் சிகரத்தருகே நேர்ந்த வானூர்தி விபத்தில் பாபா மறைந்தார். அப்போது அவருக்கு வயது 56. டிராம்பே ஆய்வு மையம் மறு ஆண்டு அவர் பெயரைத் தாங்கியது. எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிடும் ஆய்வுக்கூடங்களில், மோதல்களின் எண்ணிக்கையை அளக்கும் அளவுகோலாக இன்றும் பாபா சிதறலே பயன்படுகிறது. சீப்பைத் தேடித் துள்ளும் காகிதத் துணுக்கைக் கண்டு ஏன் என்று வினவும் மாணவர், பாபா நடந்த பாதையில் முதலடி எடுத்து வைத்தவராவார்.