பாம்பன் அடிகளும் பழனியும்

தாம்பரத்தினின்று வேளச்சேரி வழியாகத் திருவான்மியூர்க்குச் செல்வார் இந்நாளில் ஊர்தி நெருக்கத்தின்கண் நெடும்பொழுது நிற்றல் வேண்டும். அண்மையில் யாம் அவ்வழிச் சென்றபோது, பள்ளிக்கரணையருகே பேருந்து அசையாது நின்ற அரைமணிப் பொழுதிற்குள் எம் உள்ளம் வெகுண்டு, ஓட்டுநரையும் உடனிருந்தாரையும் நொந்துகொண்டது. யாம் சென்றதோ பாம்பன் குமரகுருதாச அடிகள் திருச்சமாதியின்கண் பொறை வேண்டி வழிபடுதற்கு! நகைப்பிற்கிடனாய இந்நிலையே அவ்வடிகள் வரலாற்றிற் சில பகுதிகளை ஈண்டு எழுதுமாறு எம்மைத் தூண்டிற்று.

இராமேச்சுரத் தீவகத்தைச் சார்ந்த பாம்பனில், சாத்தப்ப பிள்ளைக்கும் செங்கமல அம்மையார்க்கும் மகவாய்த் தோன்றி, அப்பாவு என்னும் பெயருடன் வளர்ந்தவர் இவர். சேதுமாதவ ஐயர்பால் ஆறெழுத்து மந்திரம் பெற்று, காளிமுத்தம்மையாரை மணந்து, மக்கள் மூவரோடு இல்லறத்தின்கண் நின்றார். துறவு நாட்டம் உள்ளே முதிர, வீட்டுக் கவலைகள் புறத்தே சூழ்ந்தன. ஓரிரவு பெண்குழவி நோயால் வீறிட்டழ, அம்மையார் திருநீறு கேட்டனர். அடிகள் அதனைத் தாம் தாராது, முருகனை வேண்டுமாறு கூறித் தம் வழிபாட்டில் அமர்ந்தனர். பின்னர்த் துறவி ஒருவர் போந்து குழவிக்கு நீறு பூசிச் சென்றார் என்ப. அத்துறவி யாவர் என ஆராய்தலினும், அழுகுரல் செவியில் வீழவும் வழிபாட்டினின்று எழாதிருந்த அந்நிலையே எமக்கு வியப்பாகின்றது. தாயின் மனம் அப்பொழுது என் பாடுபட்டதோ, அதனை வரலாறெழுதினார் யாரும் கூறிற்றிலர்.

இத்துணை உறுதியுடையாரும் ஓரிடத்து விரைந்தனர். பழனி சென்று துறவு பூணக் கருதிய அவர், அதனைத் தம் நண்பரிடம் தெரிவித்தனர். முருகன் ஆணை உளதோ என நண்பர் வினவ, உளது என்றனர். உண்மையில் ஆணை யாதும் இல்லை. அன்றே முருகப்பெருமான் சினந்த திருக்கோலத்துடன் தோன்றி, தான் ஆணை தருங்காறும் பழனிக்கு வாரற்க எனக் கடிந்தருளினான் என்பது அடிகள் வரலாறு. அச்சொல் பொய்யென்பது வெளிப்படை. ஆயின் அதன் வேர் பொய்ம்மையன்று, பொறாமையே. அஃதாவது, பொறுத்திருக்க மாட்டாமை. பிறர்மேல் வெகுள்வது மட்டுமே பொறையின்மை என்று எண்ணியிருந்த எமக்கு, அருள்மேற்கொண்ட விரைவும் அதனுள் அடங்கும் என்பது இவ்விடத்தே புலனாயிற்று.

சித்தாந்த நூலுணர்ந்தார்க்கு இதனை விரித்துரைத்தல் மிகை. உயிரின் மலம் பரிபாகமுறுதற் பொருட்டு இறைவனது சத்தி திரோதானமாய் நின்று மறைக்கின்றது. மறைத்தலும் மறக்கருணையேயாதலின், பழனி மறுக்கப்பட்டதும் அடிகட்கு அருளே. பொறை வேண்டினார்க்கு அவன் பொறையை ஒரு பொருளாக எடுத்துக் கையில் ஈவதில்லை, பொறுத்தற்குரியனவற்றையே விடுக்கின்றான். பள்ளிக்கரணையில் நின்ற பேருந்தினை யாம் அவ்வாறு கண்டிலேம்.

அடிகள் பின்னர்ச் செய்தன பல. அகரமுதலாய உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் முதலாக அமைய முப்பது பாட்டால் இயன்ற சண்முக கவசம் 1891இல் எழுந்தது. 1894இல் பிரப்பன்வலசைச் சுடுகாட்டிற் குழியகழ்ந்து, 35 நாள் தவமிருந்தனர். அதன்பின் சென்னையை அடைந்தனர்; தலங்கள் பலவும் வணங்கிக் காசிவரை சென்றனர். அவர் பாடல்கள் 6,666 என்பர். இவ்வளவு நடந்தும் பழனிக்கு ஆணை வந்திலது, அவரும் சென்றிலர். அதுபற்றிப் பிறிதொரு முறை முறையிட்டு விலக்குப் பெற முயன்றதாகவும் யாம் அறிந்திலேம்.

1923ஆம் ஆண்டு திசம்பர் 27ஆம் நாள், சென்னைத் தம்புச் செட்டித் தெருவில் குதிரைவண்டியொன்று மோதி, சக்கரம் ஏறியதால் அடிகளின் இடக்கால் முறிந்தது. அரசினர் பொது மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். எழுபதாண்டு கடந்த முதுமையும், நெடுங்காலமாக உப்பு நீக்கிய உணவும் நோக்கி, என்பு கூடுதல் அரிதென மருத்துவர் கருதினர். பதினோராம் நாள் மயில் இரண்டு ஆடுதலை அடிகள் கண்டதும், கால் நலமுற்றதும் அன்பரனைவரும் அறிவர். மயூரவாகன சேவனம் என ஆண்டுதோறும் விழாவெடுத்தலும் உண்டு. மயில்களைப் பாடுவார் பலராதலின், யாம் முதற் பத்து நாளையே எண்ணிப் பார்க்கின்றேம். தெருவிற் செல்வார்க்கு நேரும் ஏதங்களுள் ஒன்று அது. தவக்குழியில் தாமே விரும்பி ஏற்ற துன்பமன்று. கட்டிற்கண் அசையாது கிடந்து, மருத்துவர் கூறிய ஐயத்தையும் கேட்டுக்கொண்டு, அவர் முருகனை நினைந்திருந்தார். பிரப்பன்வலசையின் 35 நாளினும் இப்பத்து நாளே அரியன என்று யாம் துணிகின்றேம். முதியோர் பிறவாறு கருதின் வழக்கில்லை.

கால் தேறிய பின்னரும் ஐந்தாண்டிற்கு மேல் வாழ்ந்த அடிகள், 1929ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சென்னையில் பரிபூரணமுற்றனர். பழனிக்கு ஆணை அதுகாறும் வரவில்லை. மறுநாள் அன்பர்கள் அவர்தம் திருமேனியைத் திருவான்மியூர்க்குக் கொணர்ந்து, கடலையடுத்த மணல்நிலத்தில் சமாதி அமைத்தனர்.