தன் பெயரைச் சொல்லத் தடை செய்யப்பட்ட பாடகி: ஃபுளோரன்ஸ் பல்லார்ட்

1981 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கின் பிராட்வேயிலுள்ள இம்பீரியல் அரங்கில் 'ட்ரீம்கேர்ல்ஸ்' என்ற இசை நாடகம் அரங்கேறியது. மூன்று கறுப்பினப் பெண்கள் ஒரு பாடற்குழுவாக எழுகிறார்கள். அவர்களுள் மிக வலிய குரலுடையவள் முதலில் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறாள். பின்னர் குழுவிலிருந்தே நீக்கப்படுகிறாள். எஃபி வைட் என்ற அந்தப் பாத்திரத்தை ஏற்ற ஜெனிஃபர் ஹாலிடே டோனி விருது பெற்றார். நாடகம் 1,500க்கும் மேற்பட்ட முறை நிகழ்த்தப்பட்டது. 2006இல் அது திரைப்படமானபோது அதே பாத்திரம் ஜெனிஃபர் ஹட்சனுக்கு ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தது. எஃபியின் கதையில் இசையுலகம் ஃபுளோரன்ஸ் பல்லார்டையே கண்டது. ஆனால் நாடகத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. அவர் இறந்து ஐந்தாண்டுகள் கடந்திருந்தன.

ஒரு மனிதரின் வாழ்வு மேடைக்கு வந்த பிறகும் அவருடைய பெயர் வெளியே நிற்க நேர்ந்தது எப்படி? இதற்கான விடையை நாம் நாடகக் கலையில் மட்டும் தேடினால் போதாது; ஓர் ஒப்பந்தத்திலும் தேட வேண்டும்.

பல்லார்ட் 1943 ஜூன் 30 அன்று டெட்ராய்ட் நகரில் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பம். நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய தெற்கு மாநிலங்களிலிருந்து வேலை தேடி வடக்கே வந்த இலட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களுள் அதுவும் ஒன்று. தந்தை ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் உழைத்தவர். குடும்பம் ப்ரூஸ்டர் குடியிருப்பில் வாழ்ந்தது. கறுப்பின மக்களுக்கென அமெரிக்கக் கூட்டரசின் நிதியில் முதன்முதலாகக் கட்டப்பட்ட பொதுக் குடியிருப்பு அது. 1959இல் தந்தை இறந்தார். அதே ஆண்டில்தான் பல்லார்ட், மேரி வில்சன், டயானா ராஸ், பெட்டி மக்லௌன் ஆகியோர் சேர்ந்து 'ப்ரைமெட்ஸ்' என்ற குழுவாகப் பாடத் தொடங்கினர். குழு உருவாகக் காரணமாக இருந்தவர் பல்லார்டே.

1960இல், தமக்குத் தெரிந்த ஒருவரால் அவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வாரக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கியிருந்தார். பின்னர் தோழிகளிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு மீண்டும் பாட வந்தார். அந்தக் காயத்திற்கு மருத்துவமோ மனநல உதவியோ தேடித் தரும் வழக்கம் அன்றைய ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு எட்டாத ஒன்று. அவருடைய பிற்கால மனச்சோர்வையும் குடிப்பழக்கத்தையும் எளிதாகக் குற்றமாக எழுதிச் செல்வோர் இந்த ஆண்டைத் தாண்டிச் செல்லக் கூடாது என்பது நமது கருத்து.

1959இல் பெர்ரி கார்டி என்ற கறுப்பின இளைஞர் குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் பெற்று ஓர் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அதுவே மோடவுன் என்று உலகப் புகழ் பெற்றது. வெள்ளையர் நிறுவனங்கள் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களைப் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில், கறுப்பினத்தவர் ஒருவரே முதலாளியாக இருந்த அந்நிறுவனம் ஒரு சமூகத்தின் பெருமையாகப் பார்க்கப்பட்டது. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. 1961 ஜனவரியில் குழு அங்கு ஒப்பந்தமானது. பெயரை மாற்றச் சொன்ன நிறுவனத்தின் முன் ஒரு பட்டியல் இருந்தது. அதிலிருந்து 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் பல்லார்ட். மற்றவர்களுக்கு அப்பெயர் பிடிக்கவில்லை என்பதும் பதிவாகியுள்ளது.

தொடக்கத்தில் முதன்மைக் குரல் சுழற்சியில் மாறியது. விரைவில் ராஸ் மட்டுமே முதன்மைப் பாடகி என்று கார்டி முடிவு செய்தார். 1964 முதல் 1967 வரை பல்லார்ட் இடம்பெற்ற காலத்தில் பத்துப் பாடல்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. அவற்றுள் ஐந்து தொடர்ச்சியாக முதலிடம் பெற்றவை. வெள்ளையர் கேளிக்கை விடுதிகளின் கதவுகளும் தொலைக்காட்சியின் கதவுகளும் அந்த மூவருக்காகத் திறந்தன.

வெளியில் இவ்வளவு வெற்றி. உள்ளே கணக்கு வேறாக இருந்தது. இசைத்தட்டை வெளியிட்டது மோடவுன். பாடல் பதிப்புரிமையை வைத்திருந்தது அதன் துணை நிறுவனம். கலைஞர்களின் மேலாளராகச் செயல்பட்டது அதன் மற்றொரு துணை நிறுவனம். கலைஞருக்காக முதலாளியிடம் பேரம் பேச வேண்டிய மேலாளரும் முதலாளியின் ஆளே. குழுவின் பெயரும் நிறுவனத்தின் உடைமை. பல்லார்ட் தேர்ந்தெடுத்த பெயர் பல்லார்டுக்குச் சொந்தமில்லை.

1967இல் குழுவின் பெயரில் டயானா ராஸின் பெயர் தனியே முன்னால் சேர்க்கப்பட்டது. பல்லார்ட் குடித்தார், சில நிகழ்ச்சிகளுக்கு வரவில்லை என்பவை உண்மையே. அதே கோடையில் லாஸ் வேகஸ் நிகழ்ச்சிகளின் நடுவே அவர் நீக்கப்பட்டார். அவருடைய இடத்திற்கு சிண்டி பேர்ட்சாங் முன்கூட்டியே தயார் செய்யப்பட்டிருந்தார்.

1968 பிப்ரவரியில் அவர் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார். சுமார் 1,39,800 டாலர் ஒரே தவணையாகத் தரப்பட்டு, அத்தோடு அவருக்கும் நிறுவனத்திற்கும் இடையிலான கணக்கு முடிக்கப்பட்டது. அதைவிடக் கொடிய நிபந்தனை இன்னொன்று: தாம் சுப்ரீம்ஸ் குழுவில் பாடியவர் என்பதை இனிமேல் அவர் தமது விளம்பரங்களில் குறிப்பிடக் கூடாது. நமது சட்டமொழியில் இத்தகைய ஆவணத்தை விடுதலைப் பத்திரம் என்போம். யாருக்கு விடுதலை என்பதே கேள்வி.

அந்த நிபந்தனையின் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒரு பாடகி புதிய நிறுவனத்தில் சேர்கிறார். உலகமே அறிந்த பத்துப் பாடல்களில் அவர் குரல் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி ஒரு சுவரொட்டி ஒட்ட முடியாது. ஏபிசி நிறுவனம் வெளியிட்ட அவருடைய இரு தனி இசைத்தட்டுகளும் விலைபோகவில்லை. முழுத்தொகுப்பு அப்போது வெளியிடப்படவே இல்லை. கிடைத்த பணமும் நிலைக்கவில்லை. தம் சார்பில் நின்ற வழக்குரைஞரே தம் பணத்தைக் கையாடினார் என்று அவர் குற்றஞ்சாட்டினார். வழக்குரைஞர்களாகிய நாம் இந்த வரியை வெட்கத்துடனேயே எழுதுகிறோம்.

1971இல் அவர் 87 இலட்சம் டாலர் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உடன்பாட்டை எதிர்ப்பவர் அதன்படி பெற்ற பணத்தை முதலில் திருப்பித் தர வேண்டும் என்ற விதி அவர் முன் நின்றது. 1973இல் மேல்முறையீடும் தோற்றது. ஏட்டளவில் இவ்விதி நடுநிலையானது. ஒருவர் ஒப்பந்தத்தின் பலனையும் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தையும் மறுக்கக் கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் வறுமையில் வீழ்ந்தவரால் பணத்தைத் திருப்பித் தர முடியாது. திருப்பித் தர முடிந்தவருக்கு அந்த வழக்கே தேவைப்பட்டிருக்காது. சமமற்றவர்களைச் சமமானவர்களாகக் கருதும் சட்டம் வலியவரின் பக்கமே சாயும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வீடு பறிபோனது. மூன்று பெண் குழந்தைகளுடன் அவர் அரசின் நலத்திட்ட உதவியை நாடினார்.

அந்த நிலையிலும் அவர் ஒருமுறை மேடையேறினார். 1974இல் வட கரோலினா சிறையொன்றில், தம்மைப் பாலியல் வன்கொடுமைக்கு உட்படுத்திய வெள்ளையின சிறைக்காவலரைத் தாக்கிக் கொன்றதாக ஜோன் லிட்டில் என்ற கறுப்பினப் பெண்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவருடைய வழக்கு நிதிக்காக 1975 ஜூனில் டெட்ராய்ட் ஃபோர்டு அரங்கில் நடந்த நிகழ்ச்சியில் பல்லார்ட் பாடினார். தமக்கு ஒருநாளும் கிடைக்காத நீதி இன்னொரு பெண்ணுக்குக் கிடைக்கட்டும் என்று அவர் நினைத்தாரா என்பது நமக்குத் தெரியாது. அவர் பாடினார் என்பது தெரியும். அதே ஆகஸ்டில் ஜோன் லிட்டில் விடுதலையானார்.

1976 பிப்ரவரி 22 அன்று, இதயக் குழாயில் ஏற்பட்ட இரத்த அடைப்பால் ஃபுளோரன்ஸ் பல்லார்ட் இறந்தார். வயது 32. டெட்ராய்ட் மெமோரியல் பார்க்கில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. வெள்ளையர் கல்லறைகளில் கண்ணியமான இடம் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் 1925இல் தாங்களே நிறுவிய கல்லறை அது.

இனி மேடைக்குத் திரும்புவோம். 'ட்ரீம்கேர்ல்ஸ்' அவருடைய வாழ்வின் தடத்தை எடுத்துக்கொண்டது. ஆனால் மோடவுனின் ஒரு பாடலையும் பயன்படுத்தவில்லை. சுப்ரீம்ஸின் கதையல்ல என்றே அதன் படைப்பாளிகள் கூறிவந்தனர். முடிவில் எஃபி மீண்டெழுகிறாள். தோழிகளுடன் இறுதி நிகழ்ச்சியில் சேர்ந்து பாடுகிறாள். பார்வையாளர்கள் நிறைவோடு வீடு திரும்புகிறார்கள். 2013 ஏப்ரலில் 'மோடவுன்: தி மியூசிகல்' பிராட்வேக்கு வந்தது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அசல் பாடல்களும் அசல் பெயர்களும் இருந்தன. அதன் நாடகப் பிரதியை எழுதியவர் பெர்ரி கார்டி, மூலம் அவருடைய தன்வரலாறு, மையப்பாத்திரமும் அவரே.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படும். பாடல்களின் உரிமை எங்கிருந்ததோ, பெயர்களோடு கதை சொல்லும் வாய்ப்பும் அங்கேயே இருந்தது. அந்த உரிமையிலிருந்து விலக்கப்பட்டவரின் கதை வேறு பெயரில், வேறு மெட்டில், இரங்கத்தக்க ஆறுதலான முடிவோடு சொல்லப்பட்டது. ஆறுதல் பார்வையாளருக்குக் கிடைத்தது. இழப்பீடு பல்லார்டுக்குக் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்டோரின் துயரம் கலையாகிக் கைத்தட்டல் பெறும்போதெல்லாம், அத்துயரத்தை உண்டாக்கிய ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

சுப்ரீம்ஸ் குழுவை உருவாக்கியவர், அதற்குப் பெயர் தேர்ந்தெடுத்தவர், பத்து முதலிடப் பாடல்களில் பாடியவர் ஃபுளோரன்ஸ் பல்லார்ட். இந்த ஒரு வாக்கியத்தைத் தம் சுவரொட்டியில் அச்சிடும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. ஆகவே அதை இங்கே நாம் அச்சிடுகிறோம்.