வ.உ.சி: கப்பல் மட்டுமா? மில் தொழிலாளர்களுக்காக நின்ற வக்கீல்

வ.உ.சி. என்றதும் கப்பலும் செக்கும்தான் நினைவுக்கு வரும். ஆனால், தொழிலால் அவர் வக்கீல். ஒட்டப்பிடாரத்தில் போலீஸ் போட்ட வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாடியவர், 1900-ல் தூத்துக்குடிக்கு வந்தார்.

கோரல் மில்லில் என்ன நடந்தது?

ஆங்கிலேயர் நடத்திய மில் அது. குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார லீவும் கிடையாது. 1908 பிப்ரவரி 27-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூடவே நின்றார்கள். கூலியில்லாத நாட்களிலும் அடுப்பு எரிய வேண்டுமே? அதற்கு ஊரில் நிதி திரட்டினார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது: கூலி உயர்ந்தது, ஞாயிறு லீவு கிடைத்தது.

அவர் கொடுத்த விலை?

மார்ச் 12-ல் கைது. ராஜதுரோக வழக்கில் 40 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது வக்கீல் சனது கையில் இல்லை. சென்னையில் வறுமையோடு மல்லுக்கட்டினார்.

பல ஆண்டுகள் கழித்து, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சனது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். கோவில்பட்டியில் மறுபடியும் வக்கீலானார். 1936 நவம்பர் 18-ல் மறைந்தார்.

ஞாயிறு லீவை இன்று யாரும் கெஞ்சிக் கேட்பதில்லை. 1908-ல் தூத்துக்குடியில் அதற்கு ஒரு வேலைநிறுத்தமே தேவைப்பட்டது.